பிரிந்த வீட்டின் வாசலில் ஒரு யூபிலி ஆண்டு

(யூபிலி ஆண்டின் தொடக்க நாளில், ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலியை எப்படிக் கொண்டாடலாம் என்று யோசனை கேட்டு, கோவில் வாசலில் ஒரு பெட்டி வைத்திருந்தோம். பல சீட்டுகள் வந்தன. கோபுரத்துக்கு வண்ணம் பூசலாம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து இசைக்குழு வரவழைக்கலாம் என்று இளைஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அசனம் நிச்சயம் வேண்டும் என்று ஒருவர் மூன்று முறை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார். எல்லாம் நல்ல யோசனைகள்தான். பங்குப் பேரவை அவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கும். ஆனால் அந்தப் பெட்டியில் நானும் ஒரு சீட்டுப் போட்டிருக்கிறேன். இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

இந்த யூபிலி ஆண்டு முழுவதும் நம் குடும்பங்கள், தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை, சேர்ந்து செய்யக்கூடிய காரியங்களாக இருக்கட்டும். அவற்றின் நடுநாயகமாக, நம்மைவிட்டுப் பிரிந்துபோன சகோதரர்கள் காத்து வைத்திருக்கும் பழைய வீடுகளையும் கோவில்களையும் நம் பிள்ளைகளோடு போய்ப் பார்ப்பது இருக்கட்டும். என் சீட்டில் இருப்பது இவ்வளவுதான். கத்தோலிக்க யூபிலிக்குச் சீர்திருத்தச் சபையாரின் அருங்காட்சியகம் எதற்கு என்று சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் நம் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரிய மண் கிடைத்த கதை உங்களுக்குத் தெரியும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-ஆம் நாள் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. மறு ஆண்டே மின்சாரம் ஓடியது. அந்த வேலைக்காக எங்கெங்கிருந்தோ மக்கள் வந்தார்கள். அப்படி வந்தவர்களால்தான் நம் பங்கும் உண்டாயிற்று.

ஆனால் நெய்வேலிக்காரருக்கு ஒரு குறை உண்டு. நாம் குடியிருக்கும் வீடு நம்முடையதல்ல. வட்டத்துக்கு எண், வீட்டுக்கு எண். அறுபது வயதில் பணி ஓய்வு. அதன்பின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டி படுக்கையோடு கிளம்ப வேண்டியதுதான். நாம் நட்ட முருங்கையையும் மாமரத்தையும் அடுத்த குடும்பம் பறிக்கும். இன்னொரு பக்கம், சுரங்கம் விரிய விரியத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணைக் கொடுத்துவிட்டு நகர்ந்த கிராமத்து மக்களும் நம் பங்கில் இருக்கிறார்கள். ஆக, வந்தவருக்கும் சொந்த வீடு இல்லை, இருந்தவருக்கும் சொந்த ஊர் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் நம் பிள்ளைகள் பழமையை எங்கே தொட்டுப் பார்ப்பார்கள்? "உன் தாத்தா எந்த ஊர்?" என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் வட்டத்தின் எண்ணைச் சொன்னார்கள்.

அதனால்தான் சென்ற மே மாதம், ஒத்திகை பார்ப்பதுபோல், ஒரு பேருந்தில் நாற்பத்திரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போனேன். வடலூர், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம், சீர்காழி வழியாகச் சுமார் நூறு கிலோமீட்டர். புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக்கொண்டு, விடியற்காலையில் செபமாலை சொல்லிக் கிளம்பினோம்.

தரங்கம்பாடியின் வரலாறு சுவையானது. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். நாயக்கர் அவர்கள் அரசனுக்கு அனுப்பிய மடலைப் பொன்னோலையில் எழுதினார். அந்த ஓலை இன்றும் டென்மார்க்கில் பாதுகாக்கப்படுகிறது. 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். கோட்டையில் இப்போது அரசின் தொல்லியல் துறையினுடைய அருங்காட்சியகம் இருக்கிறது. அலை வந்து மோதும் அந்தக் கோட்டையைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் காலில் சக்கரம் கட்டிவிட்டது போலாயிற்று.

ஆனால் நான் முக்கியமாகக் காட்ட விரும்பியது சீகன்பால்கு வாழ்ந்த வீட்டை. ஜெர்மனியில் பிறந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க்கு அரசரால் அனுப்பப்பட்டு, புளூட்சோ என்ற தோழரோடு 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. சொந்த இனத்து அதிகாரியே அவரை நான்கு மாதம் சிறையில் அடைத்தார். திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்று சொல்வார்கள். 1707-இலேயே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். 1719-இல், முப்பத்தாறே வயதில், அவர் இறந்தார். தாம் கட்டி 1718-இல் அபிஷேகம் செய்த புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் வீட்டை ஜெர்மனி ஹாலே நகரத்தின் பிராங்கே நிறுவனத்தார் பழுதுபார்க்க உதவினார்கள். 2017 முதல் அது பண்பாட்டு உரையாடலுக்கான அருங்காட்சியகமாக இருக்கிறது.

அங்கே பிள்ளைகளை உட்காரவைத்து அச்சின் கதையைச் சொன்னேன். இலண்டனிலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே, பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள் என்று சொல்வதுண்டு. காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையே வைத்துப் பார்த்தார்கள். 1714-இல் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாயின. நம் சுரங்கத்திலும் உதிரி பாகம் வராதபோது பணிமனையிலேயே செய்து மாட்டிவிடுகிறவர்கள் உண்டல்லவா? அப்படிப்பட்ட ஒரு தகப்பனார், "ஃபாதர், இவரு நம்ம ஆளு" என்றார்.

உடனே ஒரு பெண் குழந்தை எழுந்து, "அப்போ நம்ம சபைக்காரங்க ஒண்ணுமே அச்சுப் போடலையா, ஃபாதர்?" என்று கேட்டாள். எனக்கு மகிழ்ச்சி. அதற்கும் நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1578-இல், சேசு சபையைச் சேர்ந்த அன்றீக் அடிகளார் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கச் செப நூலைத் தமிழில் அச்சிட்டார் என்று சொன்னேன். இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் வெளிவந்த முதல் அச்சு நூல்களில் அது முந்தியது. அவள் முகம் மலர்ந்தது. நம் தாய் வீட்டில் என்ன இருந்தது என்று கேட்கும் ஆசையே அவளுக்கு அடுத்தவர் வீட்டைப் பார்த்த பிறகுதான் பிறந்தது. இதைக் கவனியுங்கள்.

அன்று இன்னொன்றும் நடந்தது. சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். எங்களோடு வந்திருந்த ஒரு பாட்டியம்மா புதிய எருசலேம் ஆலயத்தின் வாசலில் பேருந்தைவிட்டு இறங்க மறுத்துவிட்டார்கள். "சாமி, அது பதிதர் கோவில். எங்கப்பா அந்த நிழல்லகூட நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். நீங்க போயிட்டு வாங்க" என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து அவர் பேரன் ஓடி வந்தான். "பாட்டி, உள்ள சிலுவை இருக்கு. நம்ம கோவில் மாதிரியே பெஞ்சு போட்டிருக்கு. வா பாட்டி!" என்று கையைப் பிடித்து இழுத்தான். அவர்கள் இறங்கினார்கள். செருப்பை வாசலில் விட்டார்கள். உள்ளே போய் நின்று, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்கள். வேறெதுவும் பேசவில்லை.

திரும்பும் வழியில் சீர்காழி தாண்டியதும் என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "சாமி, எம் மருமக சி.எஸ்.ஐ. வீட்டுப் பொண்ணு. கட்டிக் கொடுத்து ஒன்பது வருஷமாகுது. சம்பந்தி வீட்டாரை ஒரு பண்டிகைக்கும் நான் கூப்பிட்டதில்லை. இந்தக் கிறிஸ்துமசுக்குக் கூப்பிடலாமா?" என்று கேட்டார்கள். "அம்மா, இதை என்னிடம் கேட்க வேண்டியதே இல்லை" என்றேன். கூப்பிட்டார்கள். அவர்களும் வந்தார்கள். ஒன்பது ஆண்டுகளாக நான் கொடுத்த பிரசங்கங்களும் நடத்திய தியானங்களும் செய்யாததை, ஒரு பழைய கோவிலின் வாசலும் ஒரு சிறுவனின் கையும் செய்துவிட்டன.

அன்பார்ந்தவர்களே, சீர்திருத்தச் சபை என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் லுத்தர் வழி ஒன்று, கால்வின் வழி ஒன்று. தரங்கம்பாடி லுத்தர் வழியினருடையது. கால்வின் வழியினரின் தாய் நகரம் ஜெனீவா. அங்கே புனித பேதுரு பேராலயத்தின் அருகிலேயே 2005 முதல் சீர்திருத்த வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வழியினர் நம் கடற்கரைக்கும் வந்தார்கள். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நமக்குப் பக்கத்திலுள்ள பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் ஆகிய இடங்களில் வாணிபம் செய்த டச்சுக்காரர்கள் அவர்கள்தாம். நாகப்பட்டினத்தில் அவர்கள் கட்டிய கோவில் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் வசம் இருக்கிறது.

இந்த வரலாற்றில் காயங்களும் உண்டு. அவற்றைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. 1658-இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். நம் கோவில்களை எடுத்துக்கொண்டார்கள். குருக்கள் இல்லாமல் தவித்த அந்த மக்களுக்காகக் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாஸ் அடிகள் 1687-இல் ஏழைக் கூலியாள் வேடத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். இரவில் திருப்பலி, பகலில் மறைவு என்று ஒரு திருச்சபையையே உயிர்ப்பித்தார். 2015 ஜனவரி 14-ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அதே சமயம் நம் பக்கத்துச் சொற்களும் மென்மையானவையல்ல. நம் விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோவில் எழுப்பிய வீரமாமுனிவரை நாம் போற்றுகிறோம். 'தேம்பாவணி' தந்த அந்த மகானே தரங்கம்பாடியாருக்கு எதிராக 'வேத விளக்கம்', 'லுத்தேரினத்தியல்பு' ஆகிய நூல்களை எழுதினார். அவர்களும் பதிலுக்கு எழுதினார்கள். இரு தரப்பும் அருமையான தமிழில் சண்டை போட்டன. சண்டையால் தமிழ் உரைநடை வளர்ந்தது, அன்பு வளரவில்லை. இன்னொன்றில் மட்டும் இரு சபைகளும் நூற்றாண்டுகளாக ஒன்றுபட்டிருந்தன. இரு கோவில்களிலும் சாதி பார்த்துத்தான் மக்களை உட்காரவைத்தார்கள். லுத்தரும் பாப்பரசரும் எதில் மாறுபட்டார்கள் என்று மனப்பாடமாகத் தெரிந்த நமக்கு, நம் சுவர்களை யார் கட்டினார்கள் என்று மட்டும் தெரியாமல் போயிற்று. நம் பிள்ளைகள் பழைய கோவில்களைப் பார்க்கும்போது இதையும் கேட்கட்டும்.

இனி, நம் எல்லா வீட்டுக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். நம் வீட்டில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டால் என்ன சொல்கிறோம்? "வேலூருக்குக் கொண்டு போங்க" என்கிறோம். அந்த வேலூர் ஆஸ்பத்திரி யாருடைய விதை? அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபை, அதாவது நான் சொன்ன கால்வின் வழியினர், நம்முடைய பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களில் 1853 முதல் நடத்திய ஆற்காடு மிஷனின் விதை. அதைத் தொடங்கியவர்கள் ஸ்கட்டர் குடும்பத்துச் சகோதரர்கள். அவர்களின் தந்தை ஜான் ஸ்கட்டர் 1819-இலேயே மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தவர். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கட்டர்.

ஐடா 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த அவர், தாயார் நோயுற்றதால் 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தார். இந்த நாட்டில் தங்க அவருக்கு விருப்பமே இல்லை. ஓர் இரவு, ஒருவர்பின் ஒருவராக மூன்று பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றொருவர் வேறோர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். "என் அப்பா மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. ஆண் மருத்துவர் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தார். இன்று நம் பங்கில் எத்தனை பேர் அங்கே உயிர் பிழைத்துத் திரும்பியிருக்கிறீர்கள்! பதிதர் கோவில் நிழலில் நிற்க மாட்டோம் என்றவர்கள்கூட அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்.

அந்தத் திண்டிவனத்திலேயேதான் இன்று நம் தமிழகத் திருச்சபையின் விவிலிய நடுநிலையம் இருக்கிறது. நாமும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. இன்று நீங்கள் கையில் வைத்திருப்பது அதுதான். சீகன்பால்குவும் வீரமாமுனிவரும் ஒரே மேசையில் உட்காரவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

இப்போது, எனக்குச் சொல்ல எளிதாக இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

என் தகப்பனாருக்கு ஓர் அக்கா இருந்தார். நான் பார்த்ததே இல்லாத அத்தை. வேலூரில் நர்சு படிப்புப் படிக்கப் போனவர், அங்கே உடன் வேலை பார்த்த சி.எஸ்.ஐ. சபைக்காரர் ஒருவரை, அந்தச் சபைக் கோவிலிலேயே மணந்துகொண்டார். என் தாத்தா அன்றே தலை முழுகிவிட்டார். எங்கள் வீட்டில் அத்தையின் பெயரைச் சொல்லக் கூடாது. 1984-இல் அத்தை இறந்துபோனார். தந்தி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு வயது பன்னிரண்டு. என் தகப்பனார் தந்தியைப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், கொல்லைக்குப் போய்விட்டார். யாரும் அடக்கத்துக்குப் போகவில்லை.

பின்னாளில் குருமடத்தில் ஒரு நாள், கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டைப் படித்தோம். பிரிந்த சகோதரர்கள் ஞானஸ்நானத்தால் கிறிஸ்துவுக்குள் நம்மோடு இணைந்தவர்கள், பிரிவினைக்கு இரு தரப்பிலும் குற்றமுண்டு என்றெல்லாம் பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் அந்த ஏட்டின் தேதியைப் பார்த்தேன். 1964 நவம்பர் 21. எங்கள் வீட்டுக்குத் தந்தி வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னால்! ரோமாபுரியில் திறந்த கதவு எங்கள் வீட்டுக்கு வந்து சேர இருபது ஆண்டு போதவில்லை. தகப்பனாரை மட்டும் நான் குறை சொல்ல முடியாது. அதைப் படித்துத் தேர்வும் எழுதி, குருப்பட்டமும் பெற்ற நான், அத்தை பிள்ளைகளைத் தேடிப் போனேனா? இல்லை. எத்தனையோ வீடுகளில் சமாதானம் பேசி வைத்தேன். என் சொந்த வீட்டு வாசலை எட்டிப் பார்க்கவில்லை.

தகப்பனார் இறந்தபின் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில், வேட்டியில் சுற்றி, ஆறு இன்லண்டு கடிதங்கள் இருந்தன. அத்தை எழுதியவை. எல்லாம் பிரிக்கப்பட்டவை. மடிப்புகளில் காகிதம் நைந்து கிழிந்திருந்தது. பல முறை பிரித்துப் படித்து மடித்தால் ஒழிய அப்படி ஆகாது. ஒன்றில், "தம்பி, பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வா. பார்த்தால் போதும், சாப்பிடச் சொல்ல மாட்டேன்" என்று எழுதியிருந்தார். என் தகப்பனார் அதைப் படித்தார், பத்திரப்படுத்தினார், பதில் எழுதவில்லை. மறு நவம்பரில் நான் அத்தையின் கல்லறைக்குப் போனேன். அத்தை மகன் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. உள்ளே போய்க் காப்பி கொண்டு வந்து கொடுத்தார். அந்தக் காப்பியைக் குடித்து முடிக்க எனக்கு வெகு நேரமாயிற்று.

சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே நீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். நம் குடும்பங்களிலும் அப்படி ஒரு நீர் நிற்கிறது. மேலே எல்லாம் அமைதியாகத்தான் இருக்கும். சொல்லாத பெயர்கள், அனுப்பாத பதில்கள், போகாத சாவுகள் ஆகியவை அடியில் நிற்கும். அதை மெல்ல மெல்ல இறைப்பதற்கு இந்த யூபிலி ஆண்டைப் பயன்படுத்துவோம். பழைய இஸ்ராயேலில் யூபிலி என்றால் என்ன? லேவியர் ஆகமம் சொல்கிறது: அடிமை விடுதலை பெற வேண்டும், ஒவ்வொருவரும் தம் சொந்தக் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஆகவே, இதோ என் சீட்டிலுள்ள திட்டம்.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். ஒவ்வோர் அன்பியமும் தன் வட்டத்திலுள்ள பிற சபைக் குடும்பம் ஒன்றை ஒரு மாலை செபத்துக்கும் சிற்றுண்டிக்கும் அழைக்கட்டும்.

மே மாதப் பள்ளி விடுமுறையில் தரங்கம்பாடிக்கு மூன்று நடைகள். வழியில் டச்சுக்காரர் இருந்த பரங்கிப்பேட்டையைக் காட்டுவோம். ஒரு நடை நாகப்பட்டினம் வரை போய், வேளாங்கண்ணி மாதாவைத் தரிசித்துத் திரும்பும். சொந்த ஊர்தி உள்ளவர்கள் தனியாக வர வேண்டாம். எல்லாரும் ஒரே பேருந்துதான். ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டணம் கிடையாது. அவர்களுக்கு விடுப்புக் கிடைக்கும் நாளைப் பார்த்துத்தான் தேதி வைப்போம்.

ஜூலை 26 புனித சுவக்கீன் அன்னம்மாள் திருநாள். அன்று தாத்தா பாட்டி மாலை. அவர்கள் தங்கள் ஊர்க் கதையைச் சொல்லட்டும். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அன்று ஒரு நாளாவது அந்தக் கருவி பெரியவர்களுக்குப் பயன்படட்டும்.

அக்டோபரில் கோணான்குப்பத்துக்குக் குடும்பத் திருப்பயணம். சேலை கட்டிய கோலத்தில் நிற்கும் பெரியநாயகி அன்னையின் முன்னால், வீரமாமுனிவருக்காகவும் சீகன்பால்குவுக்காகவும் சேர்த்தே ஒரு செபமாலை சொல்வோம்.

நவம்பர் ஆன்மாக்களின் மாதம். நம் குடும்பத்தில் எந்தக் கல்லறைக்குப் போகாமல் இருக்கிறோமோ, அந்தக் கல்லறைக்குப் போவோம். எந்தச் சபையின் கல்லறைத் தோட்டமானாலும் சரி.

டிசம்பரில், இந்த மண்டபத்திலேயே நமக்கென்று ஓர் அருங்காட்சியகம், ஒரு வாரத்துக்கு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பழைய பொருள். பாட்டியின் செபமாலை, கலியாணப் படம், பழைய செபப்புத்தகம், அப்பாவின் முதல் சுரங்கத் தொப்பி, விட்டு வந்த கிராமத்து வீட்டின் திறவுகோல், எதுவானாலும் சரி. அதன் கதையைப் பிள்ளைகள் அட்டையில் எழுதி வைப்பார்கள். வருகிறவர்களுக்குப் பிள்ளைகளே விளக்கம் சொல்வார்கள். பணி ஓய்வு பெற்று ஊர் போகிறவர்கள் போகட்டும். அவர்கள் கதையின் பிரதி ஒன்று பங்கு அலுவலகத்தில் இருக்கும்.

"அப்படியானால் எல்லாச் சபையும் ஒன்றுதானா, ஃபாதர்?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. நற்கருணையைப் பற்றியும், குருத்துவத்தைப் பற்றியும், பாப்பரசரின் பதவியைப் பற்றியும் வேறுபாடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை மூடி மறைப்பது ஒன்றிப்பாகாது. ஆனால் மனிதர் கடவுளுக்கு ஏற்புடையவராவது அவருடைய அருளால்தான் என்ற அடிப்படைச் செய்தியில் கத்தோலிக்கரும் லுத்தர் சபையாரும் 1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஒப்பந்தம் செய்தார்கள். 2017 ஜூலையில் கால்வின் வழிச் சபைகளின் உலக ஒன்றியமும் அதில் சேர்ந்துகொண்டது. நானூற்று எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை போட்டவர்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்திடும்போது, ஒரே தெருவில் குடியிருக்கும் நாம் ஒரு தட்டுப் பலகாரத்தைப் பகிர்ந்துகொள்ளக் கூடாதா? நம் விசுவாசத்தில் உறுதியாக இருக்கிறவனுக்கு அடுத்தவன் கோவில் வாசலில் பயமில்லை.

டிசம்பர்க் கண்காட்சிக்கு முதல் பொருளை நானே தருகிறேன். அத்தையின் அந்த இன்லண்டு கடிதம். கண்ணாடிச் சட்டம் போட்டு, மண்டப வாசலுக்குப் பக்கத்தில் வைப்பேன். அத்தை மகனிடம் கேட்டுவிட்டேன்; அவர் தம் குடும்பத்தோடு திறப்பு நாளுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று அவர்கள் இங்கேயே நம்மோடு சாப்பிடுவார்கள். அசனம் வேண்டுமென்று மூன்று முறை அடிக்கோடிட்டவர் மகிழ்ச்சியடைவாராக. அந்த அசனம் உண்டு.

பிரிந்திருப்போரைச் சேர்க்கும் ஆண்டவர், இந்த யூபிலி ஆண்டில் உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே. ஆமென்.